வஞ்சிரம் எதைத் தின்று வளர்கிறது? கடல் மீன்களின் வேட்டை பற்றி தருமபுரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடற்கரை கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்கோ கடலூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே மீன் கடைகளில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் வஞ்சிரம், சங்கரா, பாறை, மத்தி, நெத்திலி, காரப்பொடி என்று எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெட்டிகளில் அடுத்தடுத்துக் கிடக்கும் மீன்களில் சில, உயிரோடு இருந்தபோது மற்றவற்றைத் துரத்தித் தின்றவை. நான் விலங்கியல் பாடம் எடுப்பதால் மாணவர்களும் கடையில் பக்கத்தில் நிற்பவர்களும் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் என்றதும் எல்லோரும் சுறாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் கடலில் எந்த மீன் கொழுக்கும், எது பட்டினி கிடக்கும் என்பது விரல் நீள மீன்களைப் பொறுத்தது. நாம் மலிவு மீன் என்று ஒதுக்குவது அவற்றைத்தான்.

கடைப் பெட்டியில் இருக்கும் மீன்களில் எது எதைத் தின்னும்?

வஞ்சிரம் முழுக்க முழுக்க வேட்டை மீன். நெத்திலி, மத்தி, சூடை, காரல், கணவாய்க் குஞ்சு என்று கூட்டமாகத் திரிபவைதான் அதன் உணவு. முட்டையிலிருந்து வந்து முதன்முதலாக வாய் திறக்கும் பருவத்திலேயே மற்ற மீன்களின் குஞ்சுகளைப் பிடிக்கத் தொடங்கிவிடும். சீலா, பாறை, சூரை மூன்றும் இதே மாதிரி துரத்திப் பிடிப்பவை.

களவா துரத்தாது. பாறை இடுக்கில் அசையாமல் கிடக்கும். மீனோ நண்டோ பக்கத்தில் வந்தால் பெரிய வாயைச் சட்டென்று திறக்கும். உள்ளே பாயும் தண்ணீரோடு இரையும் போய்விடும். கொடுவா கழிமுகங்களில் இறாலையும் மடவைக் குஞ்சுகளையும் தேடித் தின்னும். கடல் விராலுக்கு நண்டு ரொம்பப் பிடிக்கும். சங்கரா கடலடியில் நண்டு, இறால், புழு, சின்ன மீன் எது கிடைத்தாலும் விடாது.

விலை அதிகமான வவ்வால் மீனைப் பெரிய வேட்டைக்காரன் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் வாயைப் பாருங்கள், எவ்வளவு சின்னது! தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களும் ஜெல்லி மீன்களும்தான் அதன் சாப்பாடு. கானாங்கெளுத்தி நடுவில் நிற்கிறது. மிதவை உயிரிகளைத் தின்று வளர்ந்து, சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் இரையாகிறது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? கடலுக்குள் போய் யார் பார்த்தது?

பெரும்பாலும் வயிற்றைத் திறந்து பார்த்துத்தான். மீன் இறங்குதளங்களில் ஆராய்ச்சியாளர்கள் மீனை வாங்கி, நீளம் அளந்து, இரைப்பையை வெட்டி, உள்ளே இருப்பதைப் பிரித்து எடை போடுவார்கள். இந்தியாவில் இந்த வேலையைப் பல காலமாகச் செய்துவருவது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். இப்போது கொச்சியில் இருக்கும் அந்த நிறுவனம் 1947-ல் தொடங்கப்பட்டது, பிறகு பல ஆண்டுகள் இயங்கியது நம் மண்டபத்தில்.

இரை பாதி செரித்துப்போய் உருத்தெரியாமல் இருந்தாலும் வழி இருக்கிறது. எலும்பு மீன்களின் தலைக்குள் காதுக்கல் என்று சின்னக் கற்கள் உண்டு. இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் மாறும், சீக்கிரம் கரையவும் செய்யாது. கணவாயைத் தின்றிருந்தால் அதன் கொம்பு போன்ற கடினமான அலகு வயிற்றில் மிச்சம் இருக்கும். இன்னொரு வழி சதையைச் சோதிப்பது. நைட்ரஜன் அணுவில் சற்றே எடை கூடிய ஒரு வகை இருக்கிறது. தின்னும் உயிரின் உடலில் அது, தின்னப்பட்ட உயிரில் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சேரும். அதை அளந்தால் அந்த மீன் உணவுச் சங்கிலியில் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நீங்களே பார்க்கக்கூடிய ஒரு சான்றும் இருக்கிறது. மீன்காரரிடம் ஒரு மத்தியின் செவுளையும் ஒரு வஞ்சிரத்தின் செவுளையும் கேட்டு வாங்குங்கள். மத்தியில் செவுள் வளைவின் உள்பக்கம் மெல்லிய முட்கள் நெருக்கமாக நிற்கும். பேச்சாளை என்கிற எண்ணெய் மத்தியில் ஒரு வளைவின் கீழ்ப்பகுதியில் மட்டும் 150-க்கும் மேல். வாய் வழியாகப் போகும் தண்ணீரை வடிகட்டி, நுண்ணுயிரிகளைத் தடுத்து நிறுத்துவது அவைதான். வஞ்சிரத்தில் அந்த முட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முழு மீனையே கவ்வி விழுங்கும் மீனுக்கு வடிகட்டி எதற்கு? இரண்டையும் ஒரு தட்டில் வைத்துக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

மத்திக்கு உணவு எங்கிருந்து வருகிறது?

வெயிலிலிருந்து. கடலின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத தாவர நுண்ணுயிரிகள் மிதக்கின்றன. நம் வயலில் பயிர் செய்கிற வேலையைக் கடலில் அவை செய்கின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கரையோரம் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே ஏறி வருகிறது. அடியில் தங்கியிருந்த சத்துகளும் அதோடு வரும். உடனே இந்த நுண்ணுயிரிகள் பல்கிப் பெருகும். ஃபிராஜிலேரியா ஓஷியானிகா என்ற ஒரு வகை டயட்டம் (இந்தத் தாவர நுண்ணுயிரிகளில் ஒரு பிரிவு) அதிகமானால் எண்ணெய் மத்தியும் அதிகம் வரும் என்று 1950-களிலேயே கேரளக் கடற்கரையில் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

நம் மாவட்டங்களுக்கும் இதில் சிறு பங்கு உண்டு. கிருஷ்ணகிரி அணையைத் தாண்டிப் போகிற தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் சேர்கிறது. ஒகேனக்கல்லில் விழும் காவிரி பூம்புகார் வரை போகிறது. ஆறு கொண்டுபோகும் வண்டலிலும் சத்திலும் கழிமுகத்து நுண்ணுயிரிகள் வளர்கின்றன. அங்கேதான் பல கடல் மீன்களின் குஞ்சுகள் முதல் சில மாதங்களைக் கழிக்கின்றன. நாம் ஆற்றில் கலந்துவிடும் கழிவும் அதே வழியில்தான் போகிறது.

ஒரு கிலோ வஞ்சிரம் உருவாக எவ்வளவு சின்ன மீன் வேண்டும்?

தோராயமாகப் பத்துக் கிலோ. ஒரு படியில் இருக்கும் உணவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படியில் உடலாக மாறுகிறது. மீதி நீந்துவதிலும் மூச்சிலும் கழிவிலும் போய்விடும். 1942-ல் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு சின்ன ஏரியை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து இந்தக் கணக்கு வளர்ந்தது. இடத்துக்கு இடம் விகிதம் கூடும், குறையும். கணக்குப் போட வசதியாகப் பத்து என்று வைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பத்துக் கிலோ நெத்திலிக்கு நூறு கிலோ மிதவை விலங்குகள். அவற்றுக்கு ஆயிரம் கிலோ தாவர நுண்ணுயிரிகள். இப்போது பெட்டியில் ஏன் மத்தி குவிந்து கிடக்கிறது, வஞ்சிரம் ஏன் இரண்டு மூன்றுதான் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விலை வித்தியாசத்துக்கு ருசி மட்டும் காரணமில்லை. மேல்படியில் இருக்கும் மீன் எப்போதுமே குறைவாகத்தான் இருக்க முடியும்.

நம் அணை மீன்களிலும் இப்படித்தானா?

அடிப்படை ஒன்றுதான். விராலும் வாளையும் கெளுத்தியும் வேட்டை மீன்கள். கெண்டைக் குஞ்சுகளும் ஜிலேபிக் குஞ்சுகளும் அவற்றின் இரை. ஆனால் அணைகளில் விடப்படும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் பாசியையும் மிதவை உயிரிகளையும் மட்கிய பொருளையும் தின்பவை. அதனால் நாகமரை, ஏரியூர் பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் கட்லா சங்கிலியின் கீழ்ப்படியைச் சேர்ந்தது. கடலிலிருந்து வரும் வஞ்சிரம் நான்காவது படியிலோ அதற்குச் சற்று மேலேயோ இருப்பது. ஒரே குழம்புச் சட்டியில் போட்டாலும் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் கணக்கு வேறு.

சின்ன மீன்கள் ஏன் கூட்டமாகத் திரிகின்றன? எதிரிக்கு அது வசதிதானே?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கூட்டத்துக்குள் இருக்கும் ஒரு மீனின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். ஆயிரம் பேரில் ஒருவனாக இருந்தால் நான் மாட்டும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. நாய் நுழைந்ததும் ஆட்டு மந்தையில் ஒவ்வொரு ஆடும் நடுவில் புகப் பார்க்குமே, அதே ஓட்டம்தான் மத்திக் கூட்டத்திலும் நடக்கிறது. ஓரத்தில் இருப்பது முதலில் மாட்டும். வில்லியம் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் 1971-ல் இதை ஒரு கணிதக் கருத்தாகவே எழுதினார்: கூட்டம் உருவாக ஒற்றுமை உணர்வு தேவையில்லை, ஒவ்வொன்றும் தன் உயிரைக் காத்துக்கொள்ளப் பார்த்தாலே போதும்.

வேட்டை மீனுக்குக் குழப்பமும் உண்டாகும். நூற்றுக்கணக்கான வெள்ளி உடல்கள் ஒரே நேரத்தில் திரும்பி மின்னும்போது எதைக் குறிவைப்பது? குறிவைத்த மீன் அடுத்த நொடியில் இன்னொன்றின் பின்னால் மறைந்துவிடும். கூட்டம் மோதாமல் திரும்புவதற்குக் கண்ணோடு சேர்த்துப் பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்பும் உதவுகிறது. பக்கத்து மீன் அசையும்போது தண்ணீரில் ஏற்படும் அழுத்த மாற்றத்தை அது உணரும். பல மீன்களில் செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை மெல்லிய கோடாக அதை நீங்கள் பார்க்கலாம்.

மீனின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதற்கும் இதே கதைதான். மேலிருந்து பார்க்கும் பறவைக்குக் கருநீலக் கடலோடு முதுகு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கும் சூரைக்கு வெளிச்சத்தோடு வயிறு கலந்துவிடும். சூரைக்கும் அதே நிற அமைப்பு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை வேட்டையாடுபவனுக்கும் இருக்கிறது.

மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் என்கிறார்களே?

மயில் மீன் என்பது பாய்மரம் போன்ற முதுகுத் துடுப்புள்ள பெரிய வேட்டை மீன். பொது அறிவுப் புத்தகங்களில் இன்றும் இருக்கும் எண் அது. நம்ப வேண்டாம். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்க முடியும் என்பதை அளந்தும், உடலில் கருவி பொருத்தியும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் செய்த ஆய்வுகளில், அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் என்றே வந்திருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பழைய விடையைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்பது எனக்கு வருத்தம்.

உண்மையில் அது வேட்டையாடும் முறை, வேகத்தைவிட வியப்பானது. மத்திக் கூட்டத்தைப் பல மயில் மீன்கள் சூழ்ந்துகொள்ளும். ஒன்று மெதுவாக நெருங்கி, நீண்ட அலகைக் கூட்டத்துக்குள் நுழைத்து, பக்கவாட்டில் சட்டென்று வீசும். பிறகு விலகிக்கொள்ளும், அடுத்தது வரும். மெக்சிகோ கடலில் கவனித்தபோது ஏறத்தாழ நான்கில் ஒரு தாக்குதலில்தான் மீன் சிக்கியது. ஆனால் சிக்காத மீன்களும் காயப்பட்டு, செதில் உரிந்து, களைத்துப் போகின்றன. நேரம் ஆக ஆகப் பிடிப்பது எளிதாகிறது.

சூரையின் பலம் வேறு. தசையில் உண்டாகும் சூட்டை வெளியே விடாமல் தக்கவைக்கும் இரத்தக்குழாய்ப் பின்னல் அதன் உடலில் இருப்பதால், சுற்றியுள்ள நீரைவிட அதன் உடல் வெதுவெதுப்பாக இருக்கும். தசை சோர்வில்லாமல் உழைக்கும். நீந்துவதை நிறுத்தினால் செவுளுக்குத் தண்ணீர் போகாது, மூச்சு நின்றுவிடும். அதனால் வாழ்நாள் முழுக்க நீந்திக்கொண்டே, வாழ்நாள் முழுக்கப் பசியோடே இருக்கிறது. லட்சத்தீவில் மினிக்காய் மீனவர்கள் இந்தப் பசியைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். உயிருள்ள பொடி மீன்களைக் கடலில் வீசி, மேலே தண்ணீரையும் தெளிப்பார்கள். இரைக்கூட்டம் துள்ளுகிறது என்று நினைத்து சூரை மேலே பாய்ந்து வரும்; தூண்டிலில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். மாசிக் கருவாடு அந்தச் சூரையில்தான் செய்கிறார்கள்.

பறவைக் கோலா நிஜமாகவே பறக்குமா?

சிறகடிக்காது, சறுக்கிப் போகும். சூரையோ மயில் மீனோ துரத்தும்போது வேகமெடுத்துத் தண்ணீரை விட்டு வெளியே வந்து, பக்கத் துடுப்புகளை விரித்துக்கொள்ளும். வாலின் கீழ்மடல் நீளமாக இருப்பதால் அதைத் தண்ணீரில் அடித்து அடித்து மறுபடி உந்திக்கொள்ளும். 2008-ல் ஜப்பான் அருகே படம்பிடித்த ஒரு கோலா 45 விநாடி காற்றிலேயே இருந்தது. ஆனால் மேலே போனால் கடற்பறவைகள் காத்திருக்கும். நாகப்பட்டினம் பக்கம் கோலா பருவத்தில், மிதக்கும் பொருளில் முட்டையிட வரும் அதன் பழக்கத்தைக் கண்டு, இலைக்கொத்துகளை மிதக்கவிட்டுப் பிடிப்பார்கள்.

இருட்டில் மீன்கள் எப்படி வேட்டையாடும்?

இதற்கு நம் ஊரில் சல்லிசாகக் கிடைக்கும் காரப்பொடியிலிருந்து தொடங்கலாம். அது காரல் வகை மீன். காரல்களின் உணவுக்குழாயைச் சுற்றி ஓர் ஒளி உறுப்பு இருக்கிறது. அதில் ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அந்த ஒளி வயிற்றுப் பக்கம் மெல்லப் பரவி, மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு கலந்துவிடுவதால் கீழே திரியும் வேட்டை மீனுக்குக் காரலின் நிழல் தெரியாது. களிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாடப்புத்தகத்தில் ஆழ்கடல் தூண்டில் மீனின் படத்தைப் போடுபவர்கள் காரலையும் போட்டிருக்கலாம்.

ராத்திரியில் கடலில் நடக்கும் பெரிய விஷயம் இடப்பெயர்ச்சி. பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மிதவை விலங்குகளும் விளக்குமீன்கள் எனப்படும் பொடி மீன்களும் பொழுது சாய்ந்ததும் மேலே வந்து மேயும், விடிவதற்குள் இறங்கிவிடும். இரண்டாம் உலகப்போரில் ஒலியலைக் கருவியால் நீர்மூழ்கிகளைத் தேடியவர்களுக்குக் கடலின் அடிமட்டம் ராத்திரியில் மேலே ஏறி வருவது போலத் தெரிந்தது. எதிரொலித்தது தரை இல்லை, இந்த உயிர்க்கூட்டம். கணவாயும் சூரையும் இதன் பின்னாலேயே ஏறி இறங்குகின்றன.

வெள்ளித் தகடாக மின்னும் கடல் வாளை இதில் விசித்திரமானது. அதன் குஞ்சுகள் பகலில் ஆழத்திலும் ராத்திரியில் மேலேயும் மேயும். வளர்ந்தவை அதற்கு நேர்மாறு. பகலில் மேலே இரை தேடி, ராத்திரி அடிக்குப் போகும். வளர்ந்த வாளை தன் இனத்துக் குஞ்சையே தின்னக்கூடியது என்பதை நினைத்தால் இந்த ஏற்பாடு எவ்வளவு தேவையானது என்று புரியும்.

வெவ்வேறு இனங்கள் சேர்ந்து வேட்டையாடுமா?

ஆடும். செங்கடலில் களவா இனம் ஒன்று அஞ்சாளை இருக்கும் பொந்துக்கு முன்னால் போய்த் தலையை வேகமாக ஆட்டிக் கூப்பிடுவதை ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் பதிவு செய்தார்கள். அஞ்சாளை, விலாங்கு மாதிரி உடல்வாகு உள்ள மீன், சந்துகளுக்குள் நுழையும். வெளியே தப்பினால் களவா பிடிக்கும், உள்ளே ஒளிந்தால் அஞ்சாளை பிடிக்கும். பங்கு பிரிப்பதெல்லாம் இல்லை. யார் வாயில் சிக்கியதோ அவருக்கு.

சின்ன மீன் பெரிய மீனைத் தின்னுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டவர் ஒரு எட்டாம் வகுப்பு மாணவி. தின்னும், முட்டையாகவும் குஞ்சாகவும் இருக்கும்போது. வஞ்சிரம் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. அவை தண்ணீரில் மிதக்கும். மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் மீன், இது வஞ்சிர முட்டை, நாளைக்கு நம்மைத் தின்ன வரும் என்று பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே விழுங்குகிறது. ஜெல்லி மீன்களும் அப்படியே.

பால்டிக் கடலில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அங்கே காட் என்ற வேட்டை மீன் ஸ்பிராட் என்ற பொடி மீனைத் தின்னும். ஸ்பிராட் காட் மீனின் முட்டைகளைத் தின்னும். காட் நிறைய இருக்கும்வரை ஸ்பிராட்டை அடக்கி வைக்கும், அதன் முட்டைகள் பிழைக்கும். அளவுக்கு மீறிப் பிடித்துக் காட் குறைந்துவிட்டால் ஸ்பிராட் பெருகி, மிச்சமுள்ள முட்டைகளையும் தீர்க்கும். அதனால்தான், பிடிப்பதை நிறுத்திவிட்டால் மீன் தானாகத் திரும்பி வரும் என்று நினைப்பது எல்லா இடத்திலும் பலிப்பதில்லை.

பெரிய மீன்களைப் பிடித்துவிட்டால் சின்ன மீன் நமக்கு நிறையக் கிடைக்குமே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதற்கு நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு மீன் சந்தைக் கணக்கு பதில் சொல்கிறது. முதல் உலகப்போரில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. உம்பர்த்தோ டாங்கோனா என்ற இத்தாலிய உயிரியலாளர் பியூமே, டிரியெஸ்ட், வெனிஸ் சந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டினார். பியூமேயில் 1914-ல் சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்களின் பங்கு 12 சதவீதம். 1918-ல் 36 சதவீதம். போர் முடிந்து படகுகள் கடலுக்குத் திரும்பியதும் 1923-க்குள் 11 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

மீன்பிடிப்பைக் குறைத்தால் ஏன் வேட்டை மீனுக்கு மட்டும் அதிக லாபம்? டாங்கோனா, பின்னாளில் தனக்கு மாமனாரான விட்டோ வோல்ட்டெராவிடம் கேட்டார். வோல்ட்டெரா பெரிய கணித மேதை. அவர் 1926-ல் வெளியிட்ட சமன்பாடுகள் இன்றும் கல்லூரிகளில் நடத்தப்படுகின்றன. சாரம் இதுதான். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வேட்டை மீனுக்கு இரட்டை அடி: அதுவும் வலையில் மாட்டுகிறது, அதன் உணவும் மாட்டுகிறது. இரை மீனுக்கு ஓர் இழப்பும் ஓர் ஆதாயமும். ஆக மிதமாகப் பிடிக்கும்வரை சின்ன மீன் கூடத்தான் செய்யும். அதோடு நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். பெரிய மீன் தீர்ந்ததும் வலைக் கண்ணைச் சிறிதாக்கிச் சின்ன மீனுக்குப் போகிறோம். டேனியல் பாலி என்ற மீன்வள ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 1998-ல் உலக மீன்பிடிப்புக் கணக்குகளை வைத்து இந்தப் படிப்படியான இறக்கத்தைக் காட்டினார்கள்.

சின்ன மீன் குறைந்தால் என்ன ஆகும்?

பெருவில் நடந்தது கண்முன் இருக்கிறது. அந்த நாட்டுக் கடலில் நெத்திலி இனம் ஒன்று 1970-ல் ஒரு கோடி டன்னுக்கு மேல் பிடிக்கப்பட்டது. 1972-ல் எல் நினோ வந்து கடல் சூடாகி, சத்துள்ள குளிர்நீர் மேலே வருவது தடைப்பட்டது. ஏற்கெனவே அளவு மீறிப் பிடிக்கப்பட்டிருந்த நெத்திலி சரிந்தது. அதை நம்பியிருந்த கடற்பறவைகளும் பசியால் குறைந்தன. உலகம் முழுக்கக் கோழித் தீவனத்துக்கு மீன்தூள் தட்டுப்பாடு வந்து சோயா விலை ஏறியது.

நம் பக்கத்தில், கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய நான்கு லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் 3,500 டன்கூட இல்லை. மத்தி இயல்பாகவே ஏறி இறங்கும் மீன்தான். அதற்கு மேல் குஞ்சு மீன்களைப் பிடித்ததும் கடல் சூடானதும் சேர்ந்துகொண்டன. 2015-லிருந்தே கேரளம் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை வைத்திருக்கிறது.

கோழிப்பண்ணைக்கும் கடல் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

நம் இரு மாவட்டத்திலும் பக்கத்து நாமக்கல்லிலும் கோழிப்பண்ணை இல்லாத வட்டாரம் குறைவு. தீவனத்தில் புரதத்துக்காக மீன்தூள், கருவாட்டுத்தூள் சேர்ப்பது பழைய வழக்கம். அது பெரும்பாலும் இழுவலையில் வரும் கழிசல் மீனிலிருந்து வருகிறது. ராமேசுவரம் பக்கம் சங்காயம் என்பார்கள். அதில் காரல், பொடி நெத்திலி, நண்டுக் குஞ்சோடு சங்கராவின் குஞ்சும் வஞ்சிரத்தின் குஞ்சும்கூடக் கலந்திருக்கும். இன்று உலகில் மீன்தூளை அதிகம் விழுங்குவது இறால், மீன் வளர்ப்புப் பண்ணைகள். கோழிக்கு சோயாப் புண்ணாக்கு பெருமளவு வந்துவிட்டது, அது நல்லதுதான்.

எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. மத்தியையும் நெத்திலியையும் மனிதர்கள் நேரடியாகச் சாப்பிடுவது, அவற்றை அரைத்துக் கோழிக்கும் இறாலுக்கும் போட்டுப் பிறகு அதைச் சாப்பிடுவதைவிட எவ்வளவோ மேல். ஒரு படி குறைகிறது, வீணாவதும் குறைகிறது.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன வாங்குவது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பல மீன்கள் முட்டையிடும் காலம் அது. அப்போது வஞ்சிரம் விலை எகிறும். வருவது நாட்டுப் படகு மீன், மேற்குக் கரை மீன், அல்லது ஐஸில் நாள்பட்டது. அணை மீன் வாங்கிக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி அணை ஜிலேபியும் மேட்டூர்க் கட்லாவும் புதிதாகவே கிடைக்கும்.

பெரிய மீனில் பாதரசம் இருக்கும் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், தெரிந்து சாப்பிட்டால் போதும். பாதரசம் உடலிலிருந்து எளிதில் வெளியேறாது. நுண்ணுயிரியில் துளியாக இருப்பது, அதை ஏராளமாகத் தின்ற மத்தியில் கொஞ்சம் சேரும். மத்தியை ஆண்டுக்கணக்கில் தின்ற பெரிய சுறாவில் நிறையச் சேரும். 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட பாதரச நோய்க் கொடுமை, தொழிற்சாலைக் கழிவிலிருந்து இதே படிகள் வழியாக மனிதர்களுக்கு வந்ததுதான். அமெரிக்க அரசு கர்ப்பிணிகளைத் தவிர்க்கச் சொல்லும் மீன்களில் சுறா, வாள்மீன், அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெரிய வஞ்சிர இனம் ஆகியவை உண்டு.

பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். அதை விடச் சொல்லி நான் சொல்லவில்லை. சின்ன பால் சுறாவாகப் பார்த்து வாங்குங்கள், எப்போதாவது கொடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் பெரிய சுறாவையும் ஆளுயர வஞ்சிரத்துத் துண்டத்தையும் தள்ளிவைத்துவிட்டு, தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி மூன்றிலும் பாதரசம் குறைவு, ஒமேகா 3 கொழுப்பு அதிகம், விலையும் கையைக் கடிக்காது.

மீன்களிலேயே பெரியது திமிங்கலச் சுறாதானே? அது எதைத் தின்னும்?

மிதவை உயிரிகளையும் மீன் முட்டைகளையும் பொடி மீன்களையும் வடிகட்டித் தின்னும். ஆளைக் கடிக்காது. இந்தியாவில் 2001 முதல் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு இதற்கும் உண்டு.

பிள்ளைகளுக்கு இதை நேரில் காட்ட முடியுமா?

முடியும், கடலுக்குப் போகாமலே. முழு சீலாவோ பாறையோ வாங்கும்போது குடலை எறிந்துவிடாமல் தனியாகத் தரச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு பழைய தட்டில் இரைப்பையைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் திறந்து, தண்ணீர் விட்டு அலசுங்கள். பல நேரம் காலியாக இருக்கும். வலையில் மாட்டித் துடிக்கும்போது மீன் கக்கிவிடுவது உண்டு, அதனால் பிள்ளைகள் சோர்ந்துபோக வேண்டாம். இருந்தால் நெத்திலியின் முதுகெலும்போ, இறால் ஓடோ, கணவாய் அலகோ கிடைக்கும். ஒரு நோட்டில் தேதி, மீனின் பெயர், நீளம், வயிற்றில் இருந்தது என்று நான்கு பத்தி போட்டு எழுதச் சொல்லுங்கள். காலியாக இருந்தால் அதையும் எழுத வேண்டும். கையுறை இல்லையென்றால் மீன் முள்ளில் கவனமாக இருந்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.